பெற்றோரைக் கேட்டீர்களா? பிள்ளையைக் கேட்டீர்களா?

அருளப்பர் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் தவக்காலத்தில் நமது ஆலயங்களில் வாசிக்கப்படுகிறது. பிறவியிலிருந்தே பார்வையற்றிருந்த ஒரு மனிதரை வழியிற் கண்டவுடன் சீடர்கள் ஆண்டவரிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். இது யாருடைய பாவத்தால் வந்தது, இவனுடைய பாவத்தாலா, பெற்றவர்களுடைய பாவத்தாலா என்பதே அது. இருவருடைய பாவத்தாலும் அல்ல என்று ஆண்டவர் அந்தக் கேள்வியையே தள்ளிவிடுகிறார். ஆயினும் இருபது நூற்றாண்டுகளாக அது நம் வீட்டு வாசல்களை விட்டு அகலவில்லை. பேச்சு வராத பிள்ளையின் தாயிடமும், ஓரிடத்தில் இருக்க முடியாத மகனின் தகப்பனிடமும் இன்றைக்கும் ஊரார் சுற்றிவளைத்துக் கேட்பது அதைத்தான். கர்ப்ப காலத்தில் என்ன செய்தாய், யாருடைய சாபம், எந்த நேர்த்திக்கடன் தவறியது என்று வார்த்தைகள் மாத்திரம் மாறுகின்றன.

அதே அதிகாரத்தில் இன்னொரு கேள்வி கேட்கும் காட்சியும் உண்டு. அதை நாம் அவ்வளவு கவனிப்பதில்லை. பார்வை பெற்றவருடைய பெற்றோரைப் பரிசேயர் அழைப்பிக்கிறார்கள். மகனை வளர்த்த இத்தனை வருடங்களில் அவர்கள் பட்டது என்ன, அறிந்தது என்ன என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. விடையை முன்கூட்டியே வைத்துக்கொண்டிருந்தவர்கள் அதற்கு இசைவான சாட்சியத்தைப் பெற விரும்பினார்கள். பெற்றோருக்கு அது விளங்கியது. அவர்கள் பயந்து, தமக்குத் தெரியாது என்றும், அவன் வயது வந்தவன், அவனையே கேளுங்கள் என்றும் சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள்.

மாற்கு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் இதற்கு நேர்மாறான ஒன்றைக் காண்கிறோம். வலிப்பினால் துன்புறும் ஒரு சிறுவனை அவனுடைய தகப்பன் கொண்டுவருகிறான். எல்லாம் அறிந்த ஆண்டவர், ஒரு சொல்லால் குணப்படுத்தக் கூடியவர், முதலில் தகப்பனைப் பார்த்து எவ்வளவு காலமாக இவனுக்கு இப்படி இருக்கிறது என்று கேட்கிறார். தகப்பன் விபரமாகச் சொல்லுகிறான்: சிறு வயது முதல், தீயிலும் விழுந்திருக்கிறான், தண்ணீரிலும் விழுந்திருக்கிறான். அவன் சொல்லி முடிக்குமட்டும் ஆண்டவர் கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

பெற்றோரைக் கேட்பதில் இவ்விதம் இரண்டு வகை உண்டு. முடிவை எடுத்துவிட்டுக் கேட்பது ஒன்று. முடிவு எடுக்குமுன் கேட்பது மற்றது. வலது குறைந்த பிள்ளைகளையும், ஓட்டிசம் போன்ற காரணங்களால் மூளை வேறு விதமாக இயங்குகின்ற பிள்ளைகளையும் பற்றி அரசும் பாடசாலையும் திருச்சபையும் திட்டம் வகுக்கும்போது இவ்விரண்டில் எதைச் செய்கின்றன என்பதே இக்கட்டுரையில் நாம் சிந்திக்க விரும்பும் பொருள்.

சட்டம் சொல்லுவது என்ன?

இத்துறையில் நம் நாட்டில் சட்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996 இல் இயற்றப்பட்டது. 2003 இல் இலங்கைக்கான தேசியக் கொள்கை ஒன்று அமைச்சரவையின் அங்கீகாரத்தைப் பெற்றது. வலது குறைந்தோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 2006 டிசெம்பரில் நிறைவேறியது. இலங்கை அதில் 2007 மார்ச்சில் கையொப்பமிட்டு, ஏறக்குறைய ஒன்பது வருடங்கள் சென்றபின், 2016 பெப்ரவரியில் அதனை ஏற்றுறுதி செய்தது.

அந்த உடன்படிக்கையின் 4ஆம் உறுப்புரையில், மூன்றாம் பந்தியில், நமது பொருளுக்கு மிகவும் வேண்டிய ஒரு கடமை எழுதப்பட்டிருக்கிறது. இவர்களைப் பற்றிய சட்டத்தையோ கொள்கையையோ ஆக்கும்போது அரசுகள் இவர்களையும், இவர்களுள் பிள்ளைகளாயிருப்பவர்களையும், அவர்களுடைய அமைப்புகள் மூலமாக நெருங்கிக் கலந்தாலோசித்து, அவ்வேலையிலே பங்குகொள்ளச் செய்யவேண்டும் என்பது அதன் சாரம். 7ஆம் உறுப்புரை பிள்ளைக்குத் தன் கருத்தைச் சொல்லும் உரிமை உண்டென்றும், அதைச் சொல்வதற்கு வேண்டிய உதவியைக் கொடுக்கவேண்டுமென்றும் கூறுகிறது. இதனை விளக்கி 2018 இல் ஐ. நா. குழு வெளியிட்ட 7ஆவது பொதுக் கருத்துரை, சிறு பிள்ளைகளுக்காகவும், அறிவாற்றல் வளர்ச்சியில் இடர்ப்படுவோருக்காகவும் குடும்பத்தார் அமைக்கும் சங்கங்களின் பங்கு இன்றியமையாதது என்று ஏற்றுக்கொள்கிறது. ஆயினும் அச்சங்கங்கள் உரியவர்களின் விருப்பத்தைத் தாங்கி நிற்கவேண்டும், அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது என்ற எச்சரிக்கையையும் அது விடுக்கிறது. இந்த எச்சரிக்கைக்குப் பின்னர் வருவோம்.

திருச்சபையின் போதனையும் இதற்கு முன்னமே இந்த வழியில் நடந்திருக்கிறது. பிள்ளையின் முதன்மையான ஆசிரியர்கள் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் கல்வி பற்றிய அறிக்கையில் கூறியது. 1981 நவம்பரில் வெளியான குடும்பம் பற்றிய தமது ஏட்டில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், குடும்பங்கள் சமுதாயக் கொள்கைகளின் பலனை வாங்கிக்கொள்வதோடு நின்றுவிடாமல் அவற்றை ஆக்குவதிலும் முன்னிற்கவேண்டும் என்று வலியுறுத்தினார். 1983 இல் திருப்பீடம் வெளியிட்ட குடும்ப உரிமைகள் சாசனம் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து சங்கம் அமைக்கும் உரிமையைக் கூறுவதோடு, வலது குறைந்த பிள்ளைகள் வீட்டிலும் பாடசாலையிலும் தமது வளர்ச்சிக்குத் தகுந்த சூழலைப் பெறும் உரிமையையும் தனியே எடுத்துச் சொல்கிறது.

இவ்வளவும் எழுதப்பட்டிருக்க, குரல் எந்த இடத்தில் நின்றுவிடுகிறது?

காகிதம் அறியாத அறிவு

எடுத்துக்காட்டாகப் புளியங்கூடலை மனதில் வைத்துக்கொள்வோம். அங்கே ஓட்டிசம் உள்ள ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான் என்று கொள்வோம். இது எந்தக் குடும்பத்தின் கதையுமல்ல. நாரந்தனையிலோ, சுருவிலிலோ, சரவணையிலோ, கரம்பொன்னிலோ இருக்கக்கூடிய எந்தக் குடும்பத்துக்கும் பொருந்தும். யாழ்ப்பாணத்தில் குறித்த நாளில் கிளினிக் உண்டு, தாய் பிள்ளையைக் கொண்டுவந்தால் போதும் என்று திட்டம் சொல்லுகிறது. திட்டம் எழுதியவருடைய காகிதத்தில் இது ஒரு வரி.

அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறதென்று தாய்க்குத்தான் தெரியும். மகனுக்குச் சத்தம் ஆகாது. சனம் நிறைந்த பஸ்ஸில், பாட்டுச் சத்தத்தின் நடுவே, வேலணையையும் அல்லைப்பிட்டியையும் கடந்து பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் போய்ச் சேருவதற்குள் அவன் காதைப் பொத்திக்கொண்டு கதறத் தொடங்கிவிடுவான். பிள்ளையை வளர்க்கத் தெரியாதவள் என்று பஸ்ஸில் உள்ளவர்கள் பார்ப்பார்கள். வைத்தியரிடம் போகும் நேரத்தில் அவன் களைத்துப்போய்ச் சுருண்டு கிடப்பான். வைத்தியர் காணும் பிள்ளை வீட்டில் அவள் காணும் பிள்ளையல்ல. தகப்பன் கடற்றொழிலாளியானால் அன்றைய தொழில் போயிற்று. சின்னவளைப் பார்க்க மூத்த அக்கா பாடசாலைக்குப் போகாமல் நிற்பாள். பிள்ளைகள் வெளிநாடு போய், வயோதிபர் மாத்திரம் மிஞ்சிய வீடுகள் தீவகத்தில் நிறைய உண்டு. அப்படியான வீட்டில் பேரனை வளர்க்கும் அம்மம்மாவுக்கு இந்தப் பயணமே ஏலாது. நெடுந்தீவிலே இருப்பவருக்கு இத்தனையோடு குறிகட்டுவான் வரை படகுப் பயணமும் சேர்கிறது. சோழகம் அடிக்கிற மாதங்களில் படகு ஓடுமா ஓடாதா என்பதைக் காலையில்தான் அறியலாம்.

இரண்டு முறை வராதவர்களின் பெயரை எடுத்துவிடவேண்டும் என்று ஓர் அலுவலகம் விதி எழுதினால், அதை எழுதியவர் கெட்டவராக இருக்கவேண்டியதில்லை. காற்றைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் அவரிடம் சொல்லக்கூடிய எவரும் அந்த மேசையில் இருக்கவில்லை என்பதே காரணம். மாதத்தில் ஒருநாள் வைத்தியர் ஊர்காவற்றுறைக்கோ வேலணைக்கோ வந்தால் என்ன என்ற எளிய யோசனை அந்தத் தாயிடமிருந்து பிறந்திருக்கும். அவள் கேட்கப்படவில்லை.

எண்ணிக்கையிலும் இதே குறை உண்டு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுள் 8.7 சதவீதத்தினர் ஏதோ ஒரு செயற்பாட்டில் இடர்ப்படுகின்றனர் என்று காட்டியது. ஏறக்குறைய 16 இலட்சம் பேர். ஆனால் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை அந்தக் கணக்கிலேயே இல்லை. பேச்சு வராததையும், கண்ணைப் பார்த்துச் சிரிக்காததையும் தாய் முதலில் கவனித்து நெஞ்சு பதறுவது அந்த வயதிலேதான். உதவி மிகுந்த பலன் தருவதும் அந்த வயதிலேதான் என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள்.

தாய்க்குள்ள இந்த அறிவு என்ன வகையான அறிவு? புனித தோமாஸ் அக்குவினார் ஓரிடத்தில் அறிவதற்கு இரண்டு வழிகள் உண்டென்று பிரித்துக் காட்டுகிறார். ஒருவர் அறநூலைக் கற்று ஆராய்ந்து கற்பைப் பற்றிச் சரியாகத் தீர்ப்புச் சொல்லலாம். அந்நூலைக் கல்லாத இன்னொருவர், தாமே அவ்விதம் வாழ்வதனால், அதனோடு இயல்பாய் இசைந்துபோய், அதே தீர்ப்புக்கு வரலாம். இரண்டும் உண்மையான அறிவு. இதை நமது பொருளுக்குப் பொருத்திப் பார்த்தால், வைத்தியரும் ஆசிரியரும் முதல் வழியால் அறிகிறார்கள். பத்து வருடம் ஒரே பிள்ளையோடு விழித்திருந்தவள் இரண்டாம் வழியால் அறிகிறாள். "அவனுக்கு எல்லாம் விளங்கும், கதைக்கத்தான் ஏலாது" என்று நம் தாய்மார் சொல்லும்போது அதை வெறும் பாசம் என்று தள்ளிவிடுகிறோம். பலமுறை அது சரியான அவதானிப்பு.

உலகம் இதைச் சிறிதளவு கண்டுகொண்டும் இருக்கிறது. 1989 இல் உலக சுகாதார நிறுவனம் சமுதாயத்திலேயே புனர்வாழ்வு அளிப்பதற்கான கைந்நூல் ஒன்றை வெளியிட்டது. அதை எழுதிய நால்வருள் ஒருவர் நம் நாட்டவரான பத்மனி மென்டிஸ் அம்மையார். வீட்டிலுள்ள ஒருவரையே பயிற்றுநராக்குவது அந்நூலின் அடிப்படை. குடும்பத்தாரைப் பயிற்றுநர் என்று நம்பக் கூடுமானால், ஆலோசகர் என்று நம்பக் கூடாதா?

பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் 1931 இல் எடுத்துரைத்த சமூக நெறியும் இதுதான். சிறிய அமைப்பு தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்றார் அவர். வசதிக் குறைவு என்று சொல்லாமல் அநீதி என்றே சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கேட்ட இடங்களில் நடந்தது

பெற்றோர் உணர்ச்சிவசப்பட்டவர்கள், தம் பிள்ளையை மாத்திரம் பார்ப்பவர்கள், கொள்கை வகுக்கும் பெரிய காரியம் அவர்களால் ஆகுமா என்று சிலர் கேட்பர். நடந்த இரண்டு காரியங்களை நோக்குவோம்.

சென்னையில் 1985 இல் பூனம் நடராஜன் என்ற தாயார், பெருமூளை வாதம் உள்ள பிள்ளையை வளர்த்த அனுபவத்தோடு, இன்று வித்யாசாகர் எனப்படும் நிறுவனத்தை ஆரம்பித்தார். இந்தியாவின் பல பாகங்களிலும் இவ்விதம் பெற்றோர் சங்கங்கள் எழுந்தன. நமக்குப் பிறகு இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார் என்ற ஒரே கவலை அவர்களை ஒன்றுசேர்த்தது. அவர்களுடைய விடாமுயற்சியின் பலனாக 1999 இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அங்கே நிறைவேறியது. அதன் ஆளும் சபையில் பதிவுபெற்ற அமைப்புகளிலிருந்து ஒன்பது பேர் இருக்கவேண்டும் என்றும், அவர்களுள் மூவர் பெற்றோர் சங்கங்களிலிருந்தும், மூவர் வலது குறைந்தோரின் சங்கங்களிலிருந்தும், மூவர் தொண்டு நிறுவனங்களிலிருந்தும் வரவேண்டும் என்றும் சட்டமே வரையறுத்தது. பூனம் அம்மையார் பிற்காலத்தில் அவ்வறக்கட்டளையின் தலைவராகவும் பணியாற்றினார். பெற்றோருக்கு நாற்காலி தயவால் கிடைக்கவில்லை, சட்டத்தால் கிடைத்தது என்பதே இதில் நாம் கற்கவேண்டியது. தயவாகக் கொடுத்த நாற்காலியை அடுத்த அதிகாரி எடுத்துவிடலாம்.

மற்றது நம் தீவகத்து உறவினர் பலர் வாழும் கனடாவிலே, ஒன்ராறியோ மாகாணத்தில் நடந்தது. 2019 பெப்ரவரியில் மாகாண அரசு ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான உதவியை மாற்றியமைத்தது. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வருடத்துக்கு 20,000 டொலர் வரை, அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 5,000 டொலர் வரை என்று வயதை வைத்துப் பணம் பங்கிடப்பட்டது. காத்திருப்போர் பட்டியலைக் குறைப்பதே நோக்கமென்று அரசு கூறியது. பெற்றோர் கேட்டது வேறு. ஒரு பிள்ளைக்கு மிகக் கூடிய உதவி வேண்டும், இன்னொன்றுக்குக் குறைவாக வேண்டும், வயது எப்படி அளவுகோலாகும் என்றார்கள். மார்ச்சில் ரொறன்ரோவில் சட்டசபைக்கு முன்னால் பெருந்திரளாகக் கூடினார்கள். அரசு இறங்கிவந்து, பெற்றோரும், ஓட்டிசம் உள்ள வளர்ந்தவர்களும், நிபுணர்களும் அடங்கிய இருபது பேர் கொண்ட ஆலோசனைக் குழுவை நியமித்தது. அக்குழு ஒக்ரோபரில் அறிக்கை கொடுத்தது. வயதை விட்டுத் தேவையை அளவாகக் கொள்ளும் வழிக்கு அந்த வருட முடிவில் அரசு உடன்பட்டது. அதன்பின் எல்லாம் சுகமாயிற்று என்று சொல்லமுடியாது; காத்திருப்போர் தொகை தொடர்ந்தும் பெரிதாகவே இருந்தது. ஆயினும் தவறான அளவுகோலை முதலில் சுட்டிக்காட்டி நின்றவர்கள் பெற்றோர்.

பெற்றோரின் குரலுக்கும் எல்லை உண்டு

இதுவரை கூறியதைப் பெற்றோர் மகிழ்ச்சியோடு வாசித்திருப்பார்கள். இனிக் கூறுவது சற்றுக் கடினமானது. ஆயினும் அதைக் கூறாவிட்டால் இக்கட்டுரை பாதி உண்மையோடு நின்றுவிடும்.

பெற்றோரின் குரல் பிள்ளையின் குரல் அல்ல. ஓட்டிசம் உள்ளவராகிய ஜிம் சின்கிளயர் என்பவர் 1993 இல் ரொறன்ரோவில் நடந்த மகாநாடு ஒன்றில் பெற்றோரைப் பார்த்துப் பேசினார். எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள் என்பது அவருடைய செய்தி. நீங்கள் எதிர்பார்த்த பிள்ளை பிறக்கவில்லை என்று அழுதுகொண்டிருக்கும்போது, பிறந்திருக்கும் பிள்ளை உங்கள் முன்னே நிற்கிறான் என்பதை மறந்துவிடுகிறீர்கள் என்று அவர் உணர்த்தினார். கேட்ட பெற்றோருக்கு அது கசப்பாயிருந்திருக்கும். ஆனால் அதைச் சொல்ல உரிமையுள்ளவர் அவர்.

நம்மிடையேயும் பார்க்கிறோம். பெண் கேட்டு வருகிற அன்று வலது குறைந்த தம்பியைப் பின்னறையில் விட்டுக் கதவைச் சாத்தும் வீடுகள் உண்டு. கலியாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. மகளுக்குப் பதினெட்டு வயதாகியும் எந்தச் சட்டை உடுப்பது என்பதைக்கூட அவளிடம் கேளாமல் தீர்மானிக்கும் அன்பான தாய்மாரும் உண்டு. இவர்களை எல்லாம் கொடியவர்கள் என்று சொல்லக்கூடாது. பயமும் வெட்கமும் களைப்பும் அன்போடு கலந்துகிடக்கின்றன. அதனால்தான் குடும்பத்தின் குரலை அப்படியே பிள்ளையின் குரலாக எடுத்துக்கொள்ள முடியாதிருக்கிறது.

புனித தோமாஸ் இங்கேயும் நமக்கு உதவுகிறார். யூதப் பெற்றோரின் பிள்ளைகளுக்கு அவர்களுடைய விருப்பத்துக்கு மாறாக ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு அவர் கூடாது என்று விடையளித்தார். பிள்ளை தாயின் கருவறையை விட்டு வெளிவந்த பின்னும், தன் சுயபுத்தியைப் பயன்படுத்தும் காலம் வரை, பெற்றோரின் பராமரிப்பு என்னும் ஆன்மீகக் கருவறைக்குள் இருக்கிறது என்பது அவர் காட்டிய நியாயம். எந்த அரசனும், ஏன் திருச்சபையுங்கூட, அதற்குள் கைநீட்டலாகாது. பெற்றோரின் உரிமைக்கு இதைவிட உறுதியான அத்திவாரம் கிடையாது. ஆனால் அந்த உவமையையே இன்னும் ஓரடி தொடர்ந்து சிந்தித்தால் எல்லையும் தெரியும். கருவறை பிள்ளையைத் தாங்குவது அதை வெளியே கொண்டுவருவதற்காக. பிறக்கவேண்டிய நேரம் வந்தபின்னும் தாங்கிக்கொண்டே இருப்பது தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து.

சில பிள்ளைகள் முழுமையாகத் தம் காரியத்தைத் தாமே நடத்தும் நிலைக்கு வரமாட்டார்கள் என்பது உண்மை. அவர்களுக்காகப் பெற்றோர் வாழ்நாள் முழுதும் பேசவேண்டியிருக்கலாம். அப்படியானாலும், பேச முடியாத பிள்ளைக்கு விருப்பமே இல்லை என்றாகாது. எந்த ஆசிரியர் வந்தால் ஓடிப்போய்க் கையைப் பிடிக்கிறான், எந்த வாசலில் காலைப் பின்வைக்கிறான், எதைக் கண்டு சிரிக்கிறான், எந்தப் படத்தைத் தொட்டுக் காட்டுகிறான் என்பவையெல்லாம் அவனுடைய வாக்குகள். அவற்றைப் படித்துச் சபைக்கு எடுத்துச் சொல்வதே பெற்றோரின் பணி. பெற்றோர் பிள்ளைக்குச் சொந்தக்காரர் அல்லர், தூதுவர். தூதுவர் தம் சொந்தச் செய்தியைச் சொல்லலாகாது.

இப்பொழுது அருளப்பர் நற்செய்திக்குத் திரும்புவோம். அவனையே கேளுங்கள் என்று அந்தப் பெற்றோர் சொன்னது பயத்தினால். ஆனால் சொன்ன வார்த்தை சரியானது. அதன்பின் அந்த மனிதர் தாமே பேசுகிறார். கற்றவர்களின் முன்னே தளராமல் வாதாடுகிறார். அந்த அதிகாரத்தில் மிகத் தெளிவாகப் பேசுகிறவர் அவர்தான். பயத்தினால் அன்று சொல்லப்பட்ட அதே வார்த்தையை அன்பினால் சொல்ல நம் பெற்றோர் கற்றுக்கொள்ளவேண்டும். நாம் சொல்லக்கூடியதைச் சொன்னோம். இனி அவனையும் கேளுங்கள்.

முதலில் நம் வீட்டில்

அரசைப் பார்த்துக் கைநீட்டுமுன் நமது ஆலயத்தைப் பார்க்கவேண்டும். பிரான்சு நாட்டில் வலது குறைந்த இரண்டு ஆண்பிள்ளைகளைப் பெற்ற தம்பதியர் லூர்து யாத்திரைக் குழுவொன்றில் சேர விரும்பியபோது, அந்தப் பிள்ளைகளுக்கு யாத்திரை விளங்காது, மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்று மறுக்கப்பட்டார்கள். அவர்களுடைய வேதனையிலிருந்து 1971ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு யாத்திரை உருவாகியது. பதினைந்து நாடுகளிலிருந்து 12,000 பேர் லூர்து சென்றார்கள். அவர்களுள் 4,000 பேர் அறிவாற்றல் வளர்ச்சியில் இடர்ப்பட்டவர்கள். விசுவாசமும் ஒளியும் என்ற இயக்கம் அதிலிருந்து பிறந்து பல நாடுகளிற் பரவியது. ஒரு குடும்பம் தன் மனக்குறையை மறைக்காமல் சொன்னபடியால் திருச்சபை ஒரு புதிய வாசலைத் திறந்தது.

அந்த இயக்கத்தைத் தொடங்கிய இருவருள் ஒருவரான ஜான் வனியே, எளியோருக்காக மிக அழகாகப் பேசியவர். அவர் ஆன்மீக வழிகாட்டல் என்ற போர்வையில் பெண்களுக்குப் பாலியல் தீங்கு செய்தார் என்பதை அவர் நிறுவிய லார்ஷ் அமைப்பே விசாரணை நடத்தி 2020 இல் வெளியிட்டது. இதை மறைப்பதில் நன்மையில்லை. எளியோரின் குரலை ஒரே ஒரு பெரிய மனிதரிடம், அவர் குருவானவராயினும் பொதுநிலையினராயினும், முழுமையாக ஒப்படைத்துவிடலாகாது என்பதை இது கற்பிக்கிறது. ஒருவர் எல்லாருக்காகவும் பேசும் இடத்தில், அவரைப் பற்றி முறையிட யாருக்கும் இடமிருக்காது.

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 777ஆம் சட்டம், உடலிலோ மனத்திலோ குறைபாடுள்ளவர்களுக்கும் அவர்களுடைய நிலைக்கேற்ப மறைக்கல்வி கிடைக்கப் பங்குத்தந்தை பார்க்கவேண்டும் என்று கட்டளையிடுகிறது. 2020 இல் வெளியான மறைக்கல்வி வழிகாட்டி ஏடு, இவர்களுக்குத் தேவதிரவிய அனுமானங்களை எவரும் மறுக்கலாகாது என்கிறது. ஆயினும், செபம் மனப்பாடம் இல்லை என்பதற்காக முதல் நன்மை வகுப்பில் ஒரு பிள்ளை ஒதுக்கப்பட்டால், பூசையிற் சத்தம் போடுகிறான் என்று தாயார் வெளியே அழைத்துப்போய் மரத்தடியில் நின்றால், அந்தப் பங்கு தன் கடமையிற் தவறிவிட்டது. இவ்விடயத்தில் பெற்றோர் முறையிடும்வரை காத்திராமல் குருக்களாகிய நாமே அவர்களுடைய வீட்டுக்குப் போய்க் கேட்கவேண்டும்.

என்ன செய்யலாம்?

முதலாவது, தீவகத்தின் ஒவ்வொரு பங்கிலும் இப்பிள்ளைகளின் பெற்றோர் மாதத்தில் ஒருமுறை ஒன்றுகூடலாம். அயலிலுள்ள சைவக் குடும்பங்களையும் அழைக்கவேண்டும். இந்தப் பாரம் மதம் பார்த்து வருவதில்லை. தாயோடு தகப்பனும் வரவேண்டும். கூட்டம் நடக்கும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இளைஞர் மன்றத்தினர் முன்வரலாம். பிள்ளையைப் பார்க்க ஆளில்லாதபடியாலேதான் பல தாய்மார் எந்தக் கூட்டத்துக்கும் போவதில்லை.

இரண்டாவது, எழுதிவைக்கவேண்டும். கிளினிக்குக்குப் போன நாள், செலவு, காத்திருந்த மணித்தியாலம், பாடசாலை சொன்ன பதில், பிள்ளைக்கு எது உதவியது, எது ஆகவில்லை என்பவற்றை ஒரு கொப்பியில் குறித்துவரட்டும். ஒரு தாயின் முறைப்பாட்டை அழுகை என்று தள்ளலாம். இருபது கொப்பிகளில் ஒரே குறை எழுதப்பட்டிருந்தால் பிரதேச செயலகமும் வலயக் கல்விப் பணிமனையும் அதைத் தள்ளுவது கடினம்.

மூன்றாவது, பிரதேச மட்டத்தில் இப்பிள்ளைகளைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் பெற்றோருக்கும், வலது குறைந்த வளர்ந்தவர்களுக்கும் நிரந்தரமான இடத்தை எழுத்து மூலம் கேட்கவேண்டும். படகும் பஸ்ஸும் வந்துசேரும் நேரத்தில் கூட்டத்தை வைக்கவும், போக்குவரத்துச் செலவைக் கொடுக்கவும் கேட்கவேண்டும். திட்டம் வரைபாக இருக்கும்போதே அதைத் தமிழில் தரவேண்டும் என்பது மிக முக்கியம். அச்சடித்த பின் கருத்துக் கேட்பது பரிசேயர் கேட்ட கேள்வியைப் போன்றது.

நான்காவது, ஒவ்வொரு கூட்டத்திலும் பெற்றோர் பேசியபின், இதைப் பற்றிப் பிள்ளை என்ன காட்டினான் என்ற கேள்விக்கும் இடம் வேண்டும். அதற்கு விடை தெரியாவிட்டால் அந்தத் தீர்மானத்தை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைப்பதில் தவறில்லை.

கடைசியாகப் பங்குத்தந்தையர்க்கு ஒரு வார்த்தை. குருவானவர் பேசினால் அலுவலகத்தில் கேட்பார்கள் என்று மக்கள் நம்மை முன்னே தள்ளுவார்கள். கதவு திறப்பது வரை நாம் போகலாம். திறந்தபின் நாற்காலியில் தாயார் இருக்கட்டும், அவருக்குப் பக்கத்தில் பிள்ளை இருக்கட்டும். நாம் பின்னால் நிற்போம்.

மாற்கு நற்செய்தியில் வரும் அந்தத் தகப்பன், தான் விசுவசிப்பதாகவும், தன் விசுவாசக் குறைவுக்கு உதவும்படியும் கண்ணீரோடு கேட்டான். நம்பிக்கையும் சந்தேகமும் கலந்த அந்த வார்த்தையை ஆண்டவர் குறைகூறவில்லை. ஒழுங்காகப் பேசத் தெரிந்தபின் வா என்று அனுப்பவுமில்லை. நம் தீவகத்துத் தாய்தந்தையரும் பாதி நம்பிக்கையோடும் பாதிக் களைப்போடும்தான் பேசுவார்கள். அவர்கள் சொல்லி முடிக்குமட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் பொறுமையை ஆண்டவர் அதிகாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் குருக்களுக்கும் தந்தருள்வாராக. சொல்லும் துணிவை நம் குடும்பங்களுக்குத் தந்தருள்வாராக.